உனக்கு நான் கை தூக்கமாட்டேன், மகனே

அன்ரன்,

வருகிற ஞாயிற்றுக்கிழமை கட்சிக்காரர் மண்டபத்தில் கூடி, தேர்தலுக்கு நம் பக்கத்திலிருந்து யாரை நிறுத்துவது என்று கை தூக்கித் தெரிவு செய்யப்போகிறார்கள். இருப்பது ஒரு இடம். கேட்பவர்கள் நீயும் சுகந்தி ரீச்சரும். நானும் அங்கத்தவர்தான், எனக்கும் அங்கே ஒரு கை இருக்கிறது. அந்தக் கை உனக்காக எழும்பாது. உனக்காக ஒருவரும் கை தூக்கக் கூடாது என்று கேட்கத்தான் இதை எழுதுகிறேன். பெற்ற தாய் இப்படி எழுதலாமா என்று குருநகர் முழுக்கக் கேட்கும். கேட்கட்டும். நீ வீட்டுக்கு வருகிறாயில்லை, ஃபோனை எடுக்கிறாயில்லை. கட்சி அலுவலகத்து மாடிக்கு வந்தால் உன் பெடியள் படியிலேயே நின்று, அண்ணை மீட்டிங்கில் நிற்கிறார் என்று பொய் சொல்லி என்னைத் திருப்பி அனுப்புகிறார்கள். கையில் தந்தனுப்பும் கடிதத்தைக் கிழித்துப்போடலாம். பேப்பரில் வருவதை எத்தனை வீட்டில் போய்க் கிழிப்பார்கள்? அதனால்தான் ஊரறிய எழுதுகிறேன். உனக்கு வெட்கமாக இருக்கும். எனக்கும்தான் இருக்கிறது, ஆனால் எழுதுகிறேன்.

கட்சி எங்களையெல்லாம் கூப்பிட்டுக் கேட்பது இதுதான் முதல் தடவை. இதற்கு முன் பெரியவர்கள் நாலு பேர் ஒரு அறைக்குள் இருந்து பெயர் எழுதுவார்கள், நாங்கள் பசை காய்ச்சிப் போஸ்டர் ஒட்டுவோம். இந்த முறை அங்கத்தவர்கள் தெரியட்டும் என்று விட்டதும் கரையெல்லாம் உன் பெயரைத்தான் சொன்னது. அது உனக்குச் சும்மா வந்த பெயரில்லை. இழுவைப் படகுகள் எங்கள் வலையை அறுத்துக்கொண்டு போன நாட்களில் அரசாங்கக் கச்சேரி வாசலில் வெயிலுக்குள் இருந்தவன் நீ. சங்கத்தில் பெரிய தலைகளோடு மல்லுக்கு நின்றவன் நீ. ஆனால் கரையை மட்டும் வைத்துக்கொண்டு வெல்ல முடியாது என்று உனக்கு நான்தான் சொன்னேன். தெல்லிப்பழைப் பக்கத்துத் தோட்டக்காரர் கை தூக்காவிட்டால் மண்டபத்தில் தோற்பாய், அவர்கள் வாக்குச்சீட்டில் புள்ளடி போடாவிட்டால் பெரிய தேர்தலில் கட்சியே தோற்கும் என்றேன். அப்போது நீ சிரித்துக்கொண்டு, "அம்மா, உங்களுக்கு அரசியல் வந்திட்டுது" என்றாய்.

எனக்கு அரசியல் தெரியாது, வீடுகள் தெரியும். உன் அப்பா போன பிறகு ரெஜிபோம் பெட்டியில் ஐஸைப் போட்டு, மீனைப் போட்டு, ஸ்கூட்டியில் கட்டிக்கொண்டு அந்த ஊர்த் தெரு ஒழுங்கைகளுக்குள் போய் விற்றுத்தான் உன்னை ஆளாக்கினேன். எந்த வீட்டில் கிழவருக்கு முள்ளில்லாத மீன் வேண்டும், எந்த வீட்டில் மருமகள் நண்டு கழுவத் தெரியாமல் முழிப்பாள், எல்லாம் எனக்குப் பாடம். இந்த முறை உனக்கு ஆதரவு கேட்க உன்னைப் பின்னால் ஏற்றிக்கொண்டு போனேன். போகும் வழியெல்லாம் வெங்காயம் பற்றிச் சொன்னேன். வெங்காயம் கிண்டி எடுக்கிற நேரம் பார்த்து வெளியிலிருந்து வெங்காயம் வந்து இறங்குகிறது, கடலில் எங்களுக்கு இழுவைப் படகு செய்வதைத் தோட்டத்தில் அது செய்கிறது என்றேன். கந்தையா அண்ணையின் கிணற்றடியில் நின்று நீ அதையே எடுத்து எவ்வளவு அழகாகக் கதைத்தாய். நான் சொன்னதைவிட நன்றாகச் சொன்னாய். என் வயிறு குளிர்ந்தது, மறைக்கவில்லை.

பேப்பரில் படிக்கிறவர்களுக்குச் சொல்கிறேன், கந்தையா அண்ணை ஒரு வெங்காயத் தோட்டக்காரர். நான் முதல் முதல் அந்த ஒழுங்கைக்குள் பெட்டியோடு போனபோது எனக்குக் கதிரை போட்ட ஒரே மனிதர். சுகந்தி ரீச்சர் அவருக்குச் சொந்தமும்கூட. அப்படியிருந்தும் அன்றைக்கு அவர் தன் ஆட்களைப் பார்த்து, "ரீச்சர் நல்ல பிள்ளைதான். ஆனால் கடலுக்கும் தோட்டத்துக்கும் சேர்த்துக் கதைக்கிற ஆள்தான் எங்களுக்கு வேணும்" என்றார். பிறகு வீடு வீடாக நடந்து உனக்காக ஆள் சேர்த்தார். அவர் சொந்தக்காரர் சிலர் அவரோடு முகம் கொடுத்துக் கதைக்காமல் விட்டார்கள். அவர் அதை உன்னிடம் சொல்லவில்லை, என்னிடம்தான் சொன்னார்.

இவ்வளவும் இருக்க, நீ ஒரு வேலை செய்தாய். என்னைக் கேட்காமல் செய்தாய். தோட்டக்காரர் ஊருக்குள் உன் முகம் இன்னும் நன்றாகப் பதிய வேண்டும் என்று உன் கூட்டாளி டெனிசையும் மற்றப் பெடியளையும் மோட்டார் சைக்கிளில் அனுப்பினாய். கரையில் விடிய வந்த நண்டும் இறாலும் பையில் போட்டு, உன் படத்தை மேலே குத்தி, அந்த ஒழுங்கையில் வீடு வீடாக வாசல் படலையில் கொழுவச் சொன்னாய். கை நிறையக் கொடுக்க வேண்டும் என்றுதான் நினைத்தாய், அதில் கெட்ட எண்ணம் இல்லை என்று எனக்குத் தெரியும். ஆனால் அந்த ஊர்ச் சைவக் கோயிலில் கொடியேறியிருந்தது, மகனே. கொடியேறினால் தேர், தீர்த்தம் முடியுமட்டும் அங்கே ஒரு வீட்டுக்குள்ளும் மீன், இறைச்சி என்று ஒரு மச்சமும் போகாது. சட்டியைக்கூடக் கழுவிக் கவிழ்த்துவிடுவார்கள். அந்த நாட்களில் நான் அந்தப் பக்கம் ஸ்கூட்டியைத் திருப்புவதேயில்லை, சந்தையில்தான் இருப்பேன். நான் ஏன் அந்தப் பக்கம் போகாமல் சந்தையில் இருக்கிறேன் என்று நீ ஒரு தரம் கேட்டிருந்தால் போதும்.

அன்றைக்கு அந்த ஒழுங்கையால் சுவாமி வரவிருந்தது. படலைக்குப் படலை மாவிலை கட்டி, கோலம் போட்டு, நிறைகுடம் வைக்கிற நேரத்தில் ஒவ்வொரு படலையிலும் நண்டு தொங்கியது. கால் ஆட்டிக்கொண்டு உயிரோடு தொங்கியதாம். பெண்கள் பதறிப்போனார்கள். கந்தையா அண்ணை விரதக்காரர், குளித்துவிட்டு ஈர வேட்டியோடு நின்றவர், ஒரு தடியை எடுத்துப் பைகளைக் கழற்றி ஒழுங்கை முடிவில் கொண்டுபோய் வைத்தார். எறியவில்லை, வைத்தார், பிறகு உங்களுக்குச் சொல்லி அனுப்பலாம் என்று. டெனிஸ் திரும்பிப் பார்த்து அதை ஃபோனில் படம் பிடித்தான். மத்தியானத்துக்குள் அந்த வீடியோ கரையில் எல்லார் கையிலும் இருந்தது. "எங்கடை நண்டைத் தடியால தூக்கி எறியினம் பாருங்கோ" என்று அவன் குரல் அதில் கேட்கிறது.

அதைப் பார்த்து உங்களுக்கு ஏன் இரத்தம் கொதித்தது என்று எனக்கு விளங்குகிறது. அதை நான் பொய் என்று சொல்லமாட்டேன். அந்த ஒழுங்கைகளில் எனக்குச் செம்பைக் கையில் தராமல் மேலேயிருந்து தண்ணீர் ஊற்றிய வீடுகள் இருந்தன. காசைத் தரையில் வைத்துவிட்டு எடு என்றவர்கள் இருந்தார்கள். நான் குனிந்து எடுத்தேன், வீட்டுக்கு வந்து அழுதேன், அடுத்த நாளும் போனேன். கோபப்பட உன்னைவிட எனக்குத்தான் உரிமை கூட. ஆனால் அன்றைக்கு நடந்தது அதுவல்ல. ஒரு ஃபோன் எடுத்து, அம்மா இது என்ன என்று கேட்டிருந்தால் ஒரு நிமிடத்தில் சொல்லியிருப்பேன். நீ கேட்கவில்லை. கரை உன்னைப் பார்த்துக்கொண்டிருந்தது, நீ என்ன செய்யப்போகிறாய் என்று. நீ கரைக்குத் தலைவனாக நடக்க நினைத்தாய்.

அந்தப் பின்னேரம், பொழுதுபட முதல், நீ வீட்டுக்கு வந்து நேரே கிணற்றடிக்குப் போனாய். எங்கே போனாய் என்றேன், ரவுனுக்கு என்றாய். கால்சட்டையை ஊறப்போட்டாய். நீ போன பிறகு வாளியைப் பார்த்தேன். தண்ணீர் சிவந்திருந்தது. நம் கரையில் எங்கே மகனே செம்மண் இருக்கிறது? செருப்பின் அடியிலும் அதே செம்மண், அதோடு வெங்காயத் தாள். செம்மண் மட்டும் என்றால் மனதைத் தேற்றியிருப்பேன். முப்பது வருடமாக மீன் வெட்டுகிறேன், இரத்தம் துணியில் எப்படி ஊறும் என்று எனக்கு ஒருவரும் சொல்லித்தரத் தேவையில்லை. அடுத்த நாள் சந்தையில் கேள்விப்பட்டேன். மோட்டார் சைக்கிளில் வந்தவர்கள் கந்தையா அண்ணையின் வீட்டு யன்னலெல்லாம் உடைத்து, தண்ணீர் இறைக்கும் மெசினைக் கிணற்றுக்குள் தள்ளி, தோட்டத்தில் நின்ற மனிதரை வரம்பில் போட்டு இரும்புக் குழாயால் அடித்தார்களாம். தடி பிடித்த கையைப் பார்த்துப் பார்த்து அடித்தார்களாம். அவருடைய மனைவி பரமேஸ்வரி அக்கா காலில் விழுந்து கத்தினாவாம். அவவையும் காலால் தள்ளினார்களாம்.

இதைக் கேட்டதும் என் வாய் சும்மா இருக்கவில்லை. என் வாய் எப்போதாவது சும்மா இருந்திருக்கிறதா? அடித்தவர்கள் யார் என்று எனக்குத் தெரியும் என்று சந்தையில் நின்று சத்தமாகச் சொன்னேன். கொஞ்ச நேரத்தில் டெனிஸ் வந்தான். என் வீட்டில் சோறு தின்று வளர்ந்தவன். வந்த வேகத்தில் என் பலகையைக் காலால் உதைத்தான். விளைமீனும் கணவாயும் கழிவுக் கானுக்குள் போனது. குனிந்து என் தோளைப் பிடித்து, "மாமி, ஞாயிற்றுக்கிழமை மட்டும் வாயைப் பொத்திக்கொண்டு இருங்கோ. இல்லாட்டி மாமி எண்டும் பாக்கமாட்டன்" என்றான். நான் யோசிக்கவில்லை. கையில் இருந்த கத்தியை வீசினேன். முழங்கைக்குக் கீழே திறந்துகொண்டது. அவன் கத்திக்கொண்டு ஓடினான், சந்தை கை தட்டியது. மகனே, ஒரு கணம் எனக்கு அது நன்றாக இருந்தது. பிறகு கத்தியைக் கழுவும்போது உன்னை நினைத்தேன். உனக்கு எங்கேயிருந்து இது வந்தது என்று நான் வேறெங்கும் தேடத் தேவையில்லை. உன் அப்பாவிடம் பாதி, என்னிடம் பாதி.

அப்பாவைப் பற்றிக் கரை உனக்குச் சொன்ன கதை ஒன்று. வலையை அறுத்த மனுவலைத் துடுப்பால் அடித்துத் தாடையை உடைத்த வீரன் என்று சொல்வார்கள். உண்மைதான், அடித்தார். அன்றைக்கு அவரைத் தோளில் தூக்கினார்கள். சொல்லாமல் விட்ட கதை என்னவென்றால், அதற்குப் பிறகு ஒருவரும் அவரோடு ஒரே படகில் தொழிலுக்குப் போகவில்லை. நேரில் கண்டால் எழும்பி இடம் கொடுப்பார்கள், கேட்டதற்கெல்லாம் ஓம் என்பார்கள். ஆனால் கடலில் ஏதாவது நடந்தால் இந்த மனிதன் என்ன செய்வானோ என்று பயம். தனியாகப் போனார், தனியாகவே போய்ச் சேர்ந்தார். ஞாயிற்றுக்கிழமை உனக்கும் நிறையக் கைகள் எழும்பும். கரை உன்மேல் வைத்த அன்பில் எழும்புபவை பாதி. மற்றப் பாதி, உன் பெடியள் கதவோரம் நின்று யார் கை எழும்பவில்லை என்று பார்ப்பார்கள் என்ற பயத்தில் எழும்பும். அந்தப் பாதியை ஆதரவு என்று எண்ணிக்கொள்ளாதே. புள்ளடி போடும் நாளில் மறைப்புக்குப் பின்னால் அவர்கள் தனியாகத்தான் நிற்பார்கள், அங்கே டெனிஸ் வரமாட்டான்.

தெல்லிப்பழை ஆஸ்பத்திரிக்குப் போனேன். கந்தையா அண்ணை என்னைக் கண்டதும் எழும்பப் பார்த்தார். வலக்கை தோளிலிருந்து விரல் வரைக்கும் கட்டு. எலும்பு துண்டு துண்டாகப் போய்விட்டதாம், இனி அந்தக் கை மண்வெட்டி பிடிக்காதாம். பொலிசிடம் என்ன சொன்னீர்கள் என்று கேட்டேன். முகத்தைக் காணவில்லை என்று சொல்லிவிட்டாராம். கண்டீர்களா என்று திரும்பக் கேட்டேன். கட்டை இடக்கையால் தடவினார். பிறகு என் முகத்தைப் பார்க்காமல், "அடிக்கேக்கை அவன் அழுதவன், தங்கச்சி" என்றார்.

யார் என்று அவர் சொல்லவில்லை, நான் கேட்கவுமில்லை. பெயர் சொன்னால் இது கரைக்கும் தோட்டத்துக்குமான சண்டையாகப் போய்விடும், அதனால் விட்டுவிடு என்று சொன்னார். அதோடு நிற்கவில்லை. "நான் கை தூக்குறன் எண்டு உனக்குச் சொன்னனான். வலக்கை ஏலாது. ஆஸ்பத்திரியாலை விட்டினமெண்டால் வந்து இடக்கையைத் தூக்குவன்" என்றார். இந்த மனிதரைத்தான் நீ அடித்தாய், அன்ரன். இதை எழுதும்போதும் உன்னைப் பிடித்து நாலு அறை விட வேண்டும்போலிருக்கிறது. அதோடு, அழுதுகொண்டு அடித்த என் பிள்ளையை மடியில் போட வேண்டும்போலும் இருக்கிறது. இரண்டும் உண்மை.

வெளியே விறாந்தையில் பரமேஸ்வரி அக்கா நின்றா. அவவின் கன்னத்தில் உங்கள் செருப்பின் கீறல் இன்னும் ஆறவில்லை. கொண்டுபோன பழப் பையை நீட்டினேன், வாங்கவில்லை. "அவர் நல்ல மனுசனா இருக்கட்டும். நான் அப்பிடியில்லை. நீங்கள் பெத்தனீங்கள், உங்களுக்குத் தெரியும். பொலிசிலை சொல்லுவியளோ, மாட்டியளோ?" என்று கேட்டா. அன்றைக்கு நான் பழப் பையை விறாந்தையில் வைத்துவிட்டு வந்துவிட்டேன். கந்தையா அண்ணை சொன்னதுதான் சரி, பேசாமல் இருந்தால் ஆறிவிடும் என்று என்னை நானே ஏமாற்றிக்கொண்டேன். பெற்ற மனம் அப்படித்தான் சாட்டுத் தேடும்.

ஆறவில்லை. முந்தநாள் நம் சவிரியண்ணை வழமைபோல மீன் பெட்டியோடு அந்தப் பக்கம் போயிருக்கிறார். கட்சியும் தெரியாது, கூட்டமும் தெரியாது. நண்டு கதைகூட அவர் காதுக்குச் சரியாக வரவில்லை, ஒரு காது கேளாத மனிதர். சந்தியில் வாளோடு நின்ற அந்த ஊர்ப் பெடியள் மறித்து, குருநகரா என்று கேட்டார்கள். ஓம் என்றார். அந்த ஒரு சொல்லுக்கு அவர் தலையைப் பிளந்தார்கள், சைக்கிளைக் கொளுத்தினார்கள். இன்னும் கண் திறக்கவில்லை. அவர் மகள் என் வீட்டு வாசலில் இருந்து தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். நேற்றிலிருந்து நம் பெடியள் கரையில் மீன் வாடியில் வாள் தீட்டுகிறார்கள். நீ அவர்களைத் தடுக்கவில்லை என்று கேள்வி.

அப்போதுதான் எனக்கு ஒன்று விளங்கியது. அடித்தவன் பெயர் வெளியே வராதவரைக்கும் கரை முழுக்க அடித்ததாகத்தான் கணக்கு. சவிரியண்ணையும் அடித்தவர், நானும் அடித்தவள், நாளைக்குப் பிறக்கப்போகிற பிள்ளையும் அடித்தது. கந்தையா அண்ணை பெயரை விழுங்கியது நம்மைக் காப்பாற்ற, ஆனால் அது நம்மைக் காப்பாற்றவில்லை. உன்னை ஒருவனைக் காட்டினால்தான் மற்றவர்கள் எல்லாரும் தப்புவார்கள். நீ கடலுக்கும் தோட்டத்துக்கும் சேர்த்துக் கதைக்கிற ஆளாக வர ஆசைப்பட்டாய். அப்படியென்றால் முதலில் அந்த இரண்டு பக்கமும் ஒன்றையொன்று வெட்டாமல் இருக்க நீ ஏதாவது செய்ய வேண்டும். நீ செய்வாய் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். செய்யவில்லை. நான் செய்தேன்.

இன்று காலை மாதா கோயிலில் பூசை முடிந்து நேரே பொலிசுக்குப் போனேன். சந்தையில் டெனிசை நான் வெட்டியதை முதலில் சொன்னேன், அதை எழுதிக்கொண்டார்கள், அதற்கு நான் நீதிமன்றத்துக்குப் போவேன். பிறகு மற்றதைச் சொன்னேன். வாளியையும் கால்சட்டையையும் சொன்னேன், அதைக் கையோடு கொண்டுபோயும் கொடுத்தேன். நீ எங்கே ஒளிந்திருக்கிறாய் என்று கேட்டார்கள். அதை மட்டும் சொல்லவில்லை. உனக்கு நான் விட்டிருக்கும் கடைசி இடம் அது. இதைப் படித்ததும் நீயாகப் பொலிசுக்கு வா. வாடியில் இருக்கிற வாள்களைக் கடலில் போடச் சொல்லிவிட்டு வா. நீ சொன்னால் கேட்பார்கள், அந்தச் செல்வாக்கு உனக்கு இன்னும் இருக்கிறது, அதற்காவது அது உதவட்டும். வராவிட்டால் ஞாயிற்றுக்கிழமை நான் மண்டபத்துக்கு வருவேன். உன் பெயர் சொல்லிக் கேட்கும்போது எழும்பி நின்று எல்லாவற்றையும் சொல்வேன், நீ இருக்கும் இடத்தையும் சொல்வேன். உள்ளே போனால் ஒவ்வொரு கிழமையும் உன்னைப் பார்க்க வருவேன். வெளியே வரும் நாளில் வாசலில் நிற்பேன். அதில் உனக்குச் சந்தேகமே வேண்டாம்.

பொலிசில் எழுதிக்கொண்டிருந்தவர் சின்ன வயதுத் தமிழ்ப் பிள்ளை, உன்னைவிட இளையவராக இருக்கும். உன் முழுப் பெயரையும் எழுதிவிட்டு, உங்களுக்கு இவர் என்ன முறை என்று கேட்டார். மகன் என்றேன். பேனையை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "அம்மா, வடிவா யோசிச்சுத்தான் சொல்லுறீங்களோ?" என்று கேட்டார்.

"யோசிச்சால் சொல்லமாட்டன், தம்பி. எழுதுங்கோ" என்றேன்.

அம்மா